வானம் பார்த்த மண்ணுக்கு ஏற்ற பூச்செடிகள்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுத் தோட்டம் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழை குறைந்த மாவட்டங்களிலிருந்து வந்தவை. தண்ணீர் குறைவாக இருக்கும் இடத்தில் நம் மண்ணுக்கே உரிய பூச்செடிகளையும் புதர்ச்செடிகளையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையே அவை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. ஆகவே, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கரிசல் நிலத்தில் வீடு கட்டி, முன்புறம் மூன்று சென்ட் இடத்தைப் பூந்தோட்டத்துக்காக விட்டிருக்கிறோம். நர்சரியில் வாங்கி வைத்த இட்லிப்பூச் செடிகள் ஓராண்டுக்குள் மஞ்சளாகி வெளிறிவிட்டன; ரோஜா பட்டே போய்விட்டது. ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உவர்ப்பாக இருக்கிறது. இட்லிப்பூவும் நம் நாட்டுச் செடிதானே, அது ஏன் வரவில்லை? வேறு எவற்றை வைக்கலாம்?
– வாசகி, அருப்புக்கோட்டை

இட்லிப்பூ என்று நாம் சொல்லும் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மழை மிகுந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணில் செழிப்பது. உங்கள் கரிசலோ காரத்தன்மையும் சுண்ணாம்பும் கூடியது. இத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வெட்சியின் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இந்தக் குறைபாட்டின் தெளிவான அடையாளம். உவர்ப்பு நீர் அதை மேலும் மோசமாக்கும். இரும்புக் கலவையை இலையில் தெளித்துச் சில மாதங்களுக்குப் பச்சையை மீட்கலாம் என்றாலும், மண் மாறாதவரை அந்தச் செடி உங்களிடம் நோயாளியாகவே இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

நாட்டுச் செடி என்ற சொல்லுக்கு ஒரு மாநிலத்தின் எல்லையை அளவாகக் கொள்வதுதான் பலருக்கும் ஏமாற்றம் தருகிறது. குற்றாலத்துச் சாரலில் வளர்வதும் அருப்புக்கோட்டை வயல்வரப்பில் வளர்வதும் தமிழ்நாட்டுச் செடிகள்தாம். ஆனால் ஒன்றன் வாழ்க்கை மற்றதற்கு ஒத்துவராது. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவுக்குள், யாரும் தண்ணீர் ஊற்றாத கண்மாய்க் கரை, வரப்பு, வண்டிப்பாதை ஓரம், கோயில் நிலம் ஆகியவற்றில் எது தானாகப் பூத்து நிற்கிறது என்று புரட்டாசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை பார்த்து வாருங்கள். அந்த இரண்டு பருவங்களிலும் உயிரோடு நிற்கும் செடியே உங்கள் மண்ணுக்குரிய செடி. எந்த நர்சரிப் பட்டியலைக் காட்டிலும் இந்த நோட்டத்தையே நான் நம்புவேன்.

கரிசலில் அப்படி நிற்பவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது ஆவாரை. ஓர் ஆள் உயரம்வரை புதராக வளரும். செவ்வலிலும் கரிசலிலும் வரும். ஆண்டில் பல மாதங்கள் பொன்மஞ்சள் பூக்களைத் தாங்கி நிற்கும். அதன் பூவில் மகரந்தமே மிகுதி. கருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அந்த மகரந்தத்தை உதிர்த்து எடுப்பதைக் காலை வேளையில் காணலாம். கொன்னை வெள்ளையன் வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவதும் ஆவாரை, கொன்றை இனச் செடிகளில்தான். இலைகளைப் புழு தின்கிறதே என்று மருந்து அடித்துவிடாதீர்கள். செடி மறுபடி துளிர்த்துவிடும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நான்கைந்து செடிகள் வைத்தால் போதும். பூத்து ஓய்ந்த கிளைகளை ஆண்டுக்கு ஒருமுறை பாதியளவு வெட்டிவிட்டால் அடர்ந்து வளரும். இல்லாவிட்டால் அடிப்பகுதி மொட்டையாகி நுனியில் மட்டும் இலை நிற்கும்.

அடுத்தது மஞ்சணத்தி, வட மாவட்டங்களில் நுணா என்பார்கள். கரிசல் காட்டுச் சம்சாரிகள் அதை வேரோடு எடுக்கப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, அதைத் தோட்டத்தில் வைக்கச் சொல்வது வியப்பாக இருக்கும். வேர் அவ்வளவு ஆழம் போவதால்தான் கோடையிலும் அது பச்சையாக நிற்கிறது, மணமுள்ள வெண்பூக்களையும் தருகிறது. ஒரே ஒரு மஞ்சணத்தியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மேற்குப் பக்கம் வைத்தால், மற்றச் செடிகளுக்குப் பிற்பகல் வெயிலைத் தடுக்கும் சிறு மரமாக அது அமையும். முள்ளைப் பொருட்படுத்தாதவராக இருந்தால் வேலியோரத்தில் ஒரு விடத்தலையும் வைக்கலாம்: பாதி இளஞ்சிவப்பும் பாதி மஞ்சளுமாகத் தொங்கும் அதன் பூங்கொத்தைப்போல் அழகான ஒன்று நம் முள்காட்டில் வேறில்லை. ஆனால் அதன் வேரிலிருந்து புதுக் கன்றுகள் கிளம்பிப் பரவும் என்பதால், மூன்று சென்ட் இடத்தின் நடுவில் அதற்கு வேலையில்லை.

நொச்சி நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்களைக் கொத்தாகத் தரும். உவர்ப்பை ஓரளவு தாங்கும். போத்து (வெட்டிய கிளைத் துண்டு) வைத்தாலே வேர்விடும். தழுதாழை என்ற புதர் வெண்மையான மணமுள்ள பூக்களைத் தரும். இவற்றின் முன்வரிசையில் முழங்கால் உயரத்துக்குச் செம்முள்ளியை வையுங்கள். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறப் பூவும் சிறு முள்ளும் உடைய இச்செடி, ஒருமுறை காலூன்றிவிட்டால் தன் விதையைத் தானே தெறித்துப் பரப்பிக்கொள்ளும். மழைக்குப் பின் தானாக முளைக்கும் தும்பையையும் துத்தியையும் களை என்று பிடுங்காமல் ஓரிரு மூலைகளில் விட்டுவைத்தால், தும்பைக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும்; துத்தி பிற்பகலில் மஞ்சள் பூ விரிக்கும்.

நடும் முறையையும் சொல்லிவிட வேண்டும். கரிசல் மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது. அந்த வெடிப்பில் இளஞ்செடியின் வேர் அறுந்துபோவதே முதலாண்டுச் சாவுக்குப் பெரும் காரணம். ஆகவே முக்கால் அடி உயரத்துக்கு மண் அணைத்து மேட்டுப் பாத்தியாக்கி, அதில் ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, வெட்டிய மண்ணோடு சிறிது மணலும் ஒரு கூடை மக்கிய எருவும் மட்டும் சேர்த்து மூடுங்கள். எருவைக் கூடுதலாகக் கொட்டினால் வேர் அந்தக் குழியை விட்டு வெளியே போகாது. நட்ட பின் நான்கு விரற்கடை கனத்துக்குச் சருகும் சோளத்தட்டையும் பரப்பி மூடாக்கு இட்டால் வெடிப்பு பெருமளவு குறையும். உவர்ப்பு நீரைத் தினமும் சிறிது சிறிதாக ஊற்றினால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை நன்றாக நனையும்படி ஊற்றுவதே சரி. கூரையில் விழும் மழைநீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட வழியிருந்தால், ஐப்பசி, கார்த்திகை மழை அந்த உப்பைக் கீழே கழுவிக் கொண்டுபோகும்.

கேள்வி: ஆவாரங்கன்று எந்த நர்சரியிலும் கிடைக்கவில்லை. சாலையோரச் செடியைப் பிடுங்கி வந்து நட்டேன், வாடிவிட்டது. விதை போட்டேன், முளைக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மணப்பாறை

வளர்ந்த ஆவாரைக்கு ஆணிவேர் மிக ஆழமாக இறங்கியிருக்கும். பிடுங்கும்போது அது அறுந்துவிடுவதால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அச்செடி பிழைப்பது அரிது. பொது இடத்துச் செடியைப் பெயர்ப்பது முறையும் அன்று. காப்புக்காட்டுக்குள் என்றால் அது சட்டப்படி குற்றம். விதை எடுப்பதே போதுமானது.

காய்ந்து பழுப்பேறிய காய்களை மாசி, பங்குனியில் பறித்து, ஓட்டை விழுந்த விதைகளை நீக்கிவிடுங்கள்; வண்டு துளைத்த விதை முளைக்காது. ஆவாரை விதையின் தோல் கடினமானது, தண்ணீரை உள்ளே விடாது. நீங்கள் போட்ட விதை முளைக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றுப் பொறுத்து விதையின்மீது ஊற்றி, அது ஆறி மறுநாள் காலை வரை அப்படியே ஊற விடுங்கள். உப்பிப் பெருத்த விதைகளை எடுத்து விதைக்கலாம். உப்பாதவற்றை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். சரக்கொன்றை விதைக்கும் இதே முறைதான்.

முடிந்தவரை நிலைத்து நிற்க வேண்டிய இடத்திலேயே ஆவணிக் கடைசியில் குழிக்கு நான்கு விதை போட்டு, பிறகு வலுவான ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். பையில்தான் வளர்க்க வேண்டும் என்றால் உயரமான பையாக இருக்கட்டும். ஒரு சாண் உயரம் வந்ததும் நட்டுவிட வேண்டும். பைக்குள் வேர் சுருண்ட பெரிய கன்றைவிடச் சுருளாத சிறிய கன்று இரண்டாம் ஆண்டில் முந்திவிடும். எந்த நாட்டுச் செடியை விலைக்கு வாங்கும்போதும் இதையே பாருங்கள். மாவட்டங்களில் உள்ள வன விரிவாக்க மையங்களின் நாற்றங்கால்களில் பெரும்பாலும் மரக்கன்றுகளே இருக்கும் என்றாலும், நொச்சி, ஆடாதொடை போன்ற மூலிகைப் புதர்கள் கிடைக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: காகிதப்பூவும் அரளியும் தண்ணீரே இல்லாமல் ஆண்டு முழுவதும் பூக்கின்றன. அவை இருக்கும்போது நாட்டுச் செடிதான் வேண்டும் என்று வற்புறுத்துவது ஏன்?
– வாசகர், பெரம்பலூர்

நியாயமான கேள்வி. வறட்சியைத் தாங்குவது மட்டுமே நோக்கம் என்றால் உங்கள் காகிதப்பூவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது நம் காடுகளில் புகுந்து பரவுவதில்லை. ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும். ஆனால் நாம் பூ என்று பார்ப்பது அதன் வண்ண இலைகளைத்தான். உண்மையான பூ நடுவில் சிறிதாக, வெண்மையாக இருப்பது. அதே இடத்தில் ஓர் ஆவாரையோ ஆதொண்டைக் கொடியோ இருந்தால், மகரந்தம் தேடும் கருவண்டும், இலையை உண்டு வளரும் புழுவும், அந்தப் புழுவைத் தன் குஞ்சுக்குக் கொண்டுபோகும் குருவியும் வரும். நம் பூச்சிகளுள் பல, முட்டையிடுவதற்குக் குறிப்பிட்ட சில செடிகளையே நாடுபவை. வெந்தய வரியனுக்கு எருக்கு, எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, குருந்து போன்ற செடிகள் என்று பல்லாயிரம் ஆண்டுகளாக அமைந்த உறவு அது. அந்தச் செடி ஊரில் இல்லையென்றால் அந்தப் பூச்சியும் ஊரில் இருக்காது. வீட்டைச் சுற்றி உயிர்கள் நடமாட வேண்டும் என்று விரும்புபவருக்கே நான் நாட்டுச் செடியை வற்புறுத்துகிறேன்.

வேறு சில அயல் செடிகளைப் பற்றி இவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியாது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, பறவைகள் வழியே விதை பரவி, நம் காடுகளின் அடித்தளத்தையே மூடியிருக்கிறது. அதன் இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு. விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக்கருவேலத்தைப் பற்றித் தென் மாவட்டத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய அயல் செடிகளை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. சொர்ணபட்டி என்ற பெயரில் விற்கப்படும் மஞ்சள் பூ மரமும் காற்றில் விதை பறக்கவிட்டுத் தரிசு நிலங்களில் பரவி வருகிறது. அதைப் புதிதாக நட வேண்டாம். மஞ்சள் அரளியின் விதை உயிரைக் கொல்லும் நஞ்சு என்பதால், குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: செங்காந்தளை வீட்டில் வளர்க்க ஆசை. எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. எருக்கும் தானாக முளைத்திருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, அரவக்குறிச்சி

குழந்தை வளரும்வரை செங்காந்தள் வேண்டாம். நம் மாநில மலரான அது வறண்ட நிலத்துக்கு மிகப் பொருத்தமானது: கோடை முழுவதும் கிழங்காக மண்ணுக்குள் உறங்கி, மழையில் முளைத்து, இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி வேலியில் ஏறி, ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, பின் தானாகக் காய்ந்துவிடும். உங்கள் பகுதியிலேயே அதை விதைக்காகப் பந்தலிட்டுப் பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்சிசின் மருந்தாகப் பயன்படுவது உண்மை. ஆனால் அதே பொருள் கிழங்கு உட்பட செடி முழுவதிலும் இருப்பதால், சிறிதளவு உண்டாலும் உயிருக்கு ஆபத்து. கிழங்கைக் கையாளுபவர்கள் கையுறை அணிவது நல்லது.

எருக்கின் ஆபத்து அந்த அளவினது அன்று என்றாலும், அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு நேரும். குழந்தையின் கைக்கு எட்டாத வேலிக்கு வெளியே ஒன்றை விட்டுவைத்து, வாசலருகில் முளைத்ததை அகற்றிவிடுங்கள். செங்காந்தளுக்கு மாற்றாக வேலியில் ஏற ஒரு கொடி வேண்டுமென்றால் முல்லை இருக்கிறது. பூக்கடை முல்லையின் தாயகம் நம் வறண்ட புதர்க்காடுகளே. நன்றாக வேரூன்றிய பிறகு அதற்குக் குண்டுமல்லியைவிடக் குறைந்த நீரே போதும். மார்கழி, தையில் கவாத்து செய்தால் அடுத்துவரும் பருவத்தில் மொட்டு மிகும்.

கேள்வி: கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. உப்புக்காற்றில் எந்தப் புதரும் நிற்கவில்லை.
– வாசகர், திருச்செந்தூர்

காற்றை முதலில் தடுங்கள், பூவைப் பிறகு பார்க்கலாம். கிழக்கு எல்லையில் சங்கங்குப்பியை நெருக்கமாக நட்டு வேலியாக்குங்கள். கடற்கரையிலும் கழிமுகத்திலும் தானாக வளரும் அது உப்பைத் தாங்கும், வெட்டுக்கு அடங்கும், நீண்ட மகரந்தத் தாள்களோடு வெண்பூவும் தரும். இடம் இருந்தால் அதன் பின்னால் பூவரசும் புன்னையும் வைக்கலாம். மணல் பறக்கும் இடத்தில் அடப்பங்கொடியைப் படரவிட்டால் மணலைப் பிடித்துக்கொண்டு இளஞ்சிவப்புப் பூக்களை விரிக்கும். இந்த வேலி இரண்டு ஆண்டில் தலையெடுத்த பிறகு, அதன் மறைவில் ஆவாரையும் நொச்சியும் நிற்கும்.

கேள்வி: வேலி வேண்டும், அதில் பூவும் வேண்டும், ஆடு தின்னவும் கூடாது. கம்பிவேலிக்கு வசதியில்லை.
– வாசகர், காங்கயம்

உங்கள் ஊரின் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக நிற்கும் கிளுவை வேலியைவிடச் சிறந்ததை நான் சொல்லிவிட முடியாது. மழைக்கு முன் போத்துகளை நெருக்கமாக ஊன்றினால் முள்ளோடு கூடிய உயிர்வேலியாகிவிடும். அதன் பூ கண்ணில் படாத அளவு சிறியது. ஆகவே கிளுவைக்கு உட்புறமாக ஆடாதொடையும் நொச்சியும் மாற்றி மாற்றி நடுங்கள். இரண்டையும் ஆடு பெரும்பாலும் சீண்டாது. ஆடாதொடையின் வெண்பூக்களுக்குத் தேன்சிட்டுகளும் வரும்.

கேள்வி: சென்ற ஆண்டு நட்ட வெட்பாலையும் காட்டுமல்லிகையும் சித்திரையில் இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நிற்கின்றன. தினமும் தண்ணீர் விட்டும் பயனில்லை. பிடுங்கிவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பிடுங்காதீர்கள். கிளையின் தோலை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடிருக்கிறது. வறண்ட காட்டுச் செடிகளுள் பல, இலை வழியே நீர் வீணாவதைத் தவிர்க்கக் கோடையில் இலையுதிர்த்து ஓய்வெடுப்பவை. வெட்பாலை இலையுதிர்த்த பின், புதுத் தளிரோடு வெண்பூக்களையும் சேர்த்தே தரும். ஓய்விலிருக்கும் செடிக்குத் தினமும் நீர் ஊற்றுவது வேரழுகலுக்கு வழி. முதலாண்டுக் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம், இரண்டாம் ஆண்டில் மாதம் ஒருமுறை என்று குறைத்து, மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிடலாம். செவ்வலும் சரளையும் கலந்த மண்ணில் நீர் விரைவில் இறங்கிவிடும் என்பதால், சரிவின் தாழ்ந்த பக்கத்தில் செடியைச் சுற்றி அரைவட்ட வரப்பு கட்டுங்கள். கோடைமழை ஒன்று பெய்தாலும் அது அங்கே தேங்கி இறங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. நடுவதற்கு ஏற்ற காலமும் அந்த மழை தொடங்கும் புரட்டாசிக் கடைசியே. வைகாசியில் நர்சரியில் பூவோடு நிற்கும் செடியைப் பார்த்து மயங்கி வாங்குவதே தோட்டத்தில் பாதிச் சாவுக்குக் காரணம்.

கேள்வி: செம்மண் நிலம், பத்து ஆண்டுகள் பொறுக்கத் தயாராக இருக்கிறோம். அரிய நாட்டுப் பூமரங்கள் எவை?
– வாசகர், புதுச்சேரி

இப்படிக் கேட்பவர்கள் குறைவு, மகிழ்ச்சியோடு சொல்கிறேன். சென்னைக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட கடலோரச் சமவெளியில் ஒரு காலத்தில் பரவியிருந்து, இன்று பெரும்பாலும் கோயில்காடுகளில் மட்டும் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் செடிகளே உங்கள் மண்ணுக்குரியவை. அவற்றுள் முதலிடம் காயாவுக்கு. காசான் என்றும் சொல்வார்கள். மிக மெதுவாக வளரும். ஆனால் கிளையெங்கும் மொய்த்து அது பூக்கும்போது தெரியும் கருநீலம், திருமாலின் நிறத்துக்கு நம் புலவர்கள் உவமையாக்கிய நிறம். அதனோடு குருந்து, பாவட்டை, சுலுந்து ஆகிய மூன்றையும் சேருங்கள். மூன்றும் மணமுள்ள வெண்பூக்கள் உடையவை. உங்களுக்கு அருகிலேயே, 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், மழை அரித்துக் கட்டாந்தரையாகிக் கிடந்த செம்மண்ணில் இந்தக் காட்டை மீட்டெடுத்திருக்கிறார்கள். இம்மரங்கள் வளர்ந்தபின் எவ்வளவு இடம் கேட்கும் என்பதை அங்கே நேரில் பார்த்துவிட்டுக் குழி எடுப்பது நல்லது. இவற்றின் இளங்கன்றுகள் பிற செடிகளின் நிழலில் வளர்ந்து பழகியவை. ஆகவே முதலில் ஆவாரையை நட்டு, அது ஓராண்டு வளர்ந்தபின் அதன் கிழக்குப் பக்க நிழலில் காயாவை நடுங்கள்.

கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் நாட்டுச் செடிகள் வருமா?
– வாசகி, மதுரை

ஆழ வேர்விடும் ஆவாரையும் மஞ்சணத்தியும் தொட்டிக்கு ஆகா. செம்முள்ளி, மார்கழியில் பூக்கும் டிசம்பர் பூ, கனகாம்பரம் ஆகியவை வரும்; மூன்றும் நம் நாட்டுச் செடிகளே. முல்லையையும் பெரிய தொட்டியில் வைக்கலாம். தொட்டி மண் விரைவில் சூடேறிக் காய்வதால், இச்செடிகளுக்கும் கோடையில் தினமும் நீர் வேண்டும். கனகாம்பரத்தை மட்டும் பிற்பகல் நிழல் விழும் பக்கம் வையுங்கள்.